பாலாற்றுச் சிறுநகரங்களும் ஏலகிரி வரையிலான நெடுவழிச் சைக்கிள் பயணமும்

நெடுவழிச் சைக்கிள் பாதை என்று இன்று பல நாடுகளில் குறிக்கப்படுவது, பல நாள் பயணத்தை மனத்தில் கொண்டு அடையாளப்படுத்தப்பட்டதும், மோட்டார் வண்டிகளின் நெரிசலிலிருந்து இயன்றவரை விலகியதும், ஒரு பகல் மிதித்தால் எட்டக்கூடிய தொலைவில் உணவும் படுக்கையும் பழுதுபார்ப்பும் கிடைக்கும் ஊர்களைக் கோத்துச் செல்வதுமான வழியாகும். இந்த வரையறையை அளவுகோலாகக் கொண்டால் ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் அப்படியொரு பாதை இல்லை. ஆயினும் மழை ஓய்ந்த மாதங்களின் வார இறுதிகளில், சென்னையிலிருந்து ஏறக்குறைய 230 கிலோமீட்டரும் பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டரும் மிதித்து ஏலகிரி மலைக்கு வருவோர் உண்டு. பாதை அமையாமலே பயணம் மட்டும் நடந்துவருகிறது. அந்தப் பயணத்தில் இடைப்பட்ட சிறுநகரங்களுக்கு என்ன இடம் இருக்கிறது என்பதும், முறையான பாதை ஒன்று வகுக்கப்படுமாயின் அது யாருடைய சைக்கிளுக்காக வகுக்கப்பட வேண்டும் என்பதும் இங்கே ஆராயப்படுகின்றன.

இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் முன்மாதிரிகள் பெரும்பாலும் உயிர்போன தடங்களின்மேல் எழுந்தவை. நியூசிலாந்தின் தென்தீவில் 1990இல் கைவிடப்பட்ட ஒட்டாகோ மத்திய இருப்புப்பாதை, தண்டவாளம் பெயர்க்கப்பட்டுச் சரளை விரிக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில் சுமார் 150 கிலோமீட்டர் நீளமுள்ள சைக்கிள் பாதையாகத் திறக்கப்பட்டது. ஐரோப்பாவில் பஸ்ஸாவ் நகரிலிருந்து வியன்னா வரை 300 கிலோமீட்டருக்குமேல் நீளும் டான்யூப் ஆற்றுப் பாதை, ஒருகாலத்தில் குதிரைகள் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துச் சென்ற கரைவழியைப் பல இடங்களில் பின்பற்றுகிறது. அமெரிக்காவில் கம்பர்லாந்திலிருந்து பிட்ஸ்பர்க் வரை 240 கிலோமீட்டர் செல்லும் கிரேட் அலெகெனி பாதை 2013இல் முழுமை பெற்றது. நிலக்கரியும் எஃகும் ஓய்ந்து ஆள் குறைந்துபோன சிற்றூர்களின் ஓரமாகவே அது செல்கிறது. அவ்வூர்களுக்காக 2007இல் தொடங்கப்பட்ட 'பாதை ஊர்' திட்டத்தின் அடிப்படைக் கண்டுபிடிப்பு மிக எளியது: பாதை ஊரைத் தொட்டுச் சென்றால் மட்டும் ஊருக்குப் பயன் இல்லை, பாதையில் வருபவர் கைப்பிடியைத் திருப்பிக் கடைத்தெருவுக்குள் நுழைவதற்கு ஒரு வழியும் ஒரு காரணமும் இருக்க வேண்டும்.

பாலாற்றுப் பள்ளத்தாக்கிற்கு இம்முன்மாதிரிகளை அப்படியே பொருத்த இயலாது. இங்குள்ள இருப்புப்பாதை சாகவில்லை. சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் முதன்மைத் தடமாக அது இரவும் பகலும் இயங்குகிறது. இங்குள்ள ஊர்களும் ஆளொழிந்தவை அல்ல. தோலும் காலணியும் தீப்பெட்டியும் லுங்கியும் செய்து, இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டிருப்பவை. ஆகவே 'சைக்கிள் வந்தால் ஊர் பிழைக்கும்' என்ற வாதம் ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ எடுபடாது. ஆனால் மேற்சொன்ன கண்டுபிடிப்பு மட்டும் இங்கே முழுமையாகப் பொருந்துகிறது, ஏனெனில் நான்கு வழியாகவும் பின்னர் ஆறு வழியாகவும் விரிந்த நெடுஞ்சாலை, இவ்வூர்களைத் தொட்டுக்கொண்டே அவற்றுக்குள் நுழையாமல் போகும் கலையைப் பயணிகளுக்குப் பழக்கிவிட்டது.

ஏலகிரிக்கு மிதித்து வருவோரில் ஒரு பகுதியினரின் பயணமுறையும் இதற்குத் துணைபோகிறது. 1891இல் முதன்முதலாக நடந்த பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்தின் வழித்தோன்றலான 'ரேண்டனரிங்' என்பது, துணை வண்டியின் உதவி இல்லாமல், குறித்த நேரத்துக்குள் நெடுந்தொலைவைக் கடக்கும் முறை. அதில் 'பிரெவே' எனப்படும் ஒவ்வொரு பயணத்துக்கும் கால வரம்பு உண்டு. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி என்பது கணக்கு. இந்த நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவர் 'சூப்பர் ரேண்டனர்' ஆகிறார். வழியில் குறித்த இடங்களைக் கடந்ததற்குச் சான்றாகப் பயண அட்டையில் முத்திரை பெற வேண்டும். முத்திரையிட ஆள் இல்லாத இடத்தில் கடை ரசீதோ ஏடிஎம் சீட்டோ போதும். உடலையும் மனத்தையும் சோதிக்கும் முறை என்பதில் ஐயமில்லை; ஆனால் பின்னிரவில் ஓர் ஊரைக் கடப்பவருக்கு அந்த ஊர் நேரமும் தேதியும் அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டாகவே மிஞ்சுகிறது. 2008இல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' போன்ற பல நாள் பயணங்களில் இரவுத் தங்கல் உண்டு என்றாலும், அவை பெருங்குழுவாகவும் முன்னேற்பாட்டுடனும் நகர்வதால் ஊரோடு ஏற்படும் பழக்கம் அங்கும் அளவானதே. சிறுநகரங்களை அறிவதற்கு ஏற்றது இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்ட மூன்றாவது முறை: நாளொன்றுக்கு 40 அல்லது 50 கிலோமீட்டர் மட்டும் மிதித்து, மதிய வெயிலை ஊருக்குள் கழித்து, இரவு தங்கும் முறை.

அந்த முறைக்குப் பாலாற்றுப் பள்ளத்தாக்கைப் போல வாய்ப்பான நிலம் வட தமிழ்நாட்டில் அரிது. ஜோலார்பேட்டை கடல்மட்டத்துக்குமேல் சுமார் 400 மீட்டர் உயரத்திலும், ஆம்பூர் சுமார் 316 மீட்டரிலும், வேலூர் சுமார் 216 மீட்டரிலும் அமைந்துள்ளன. அதாவது ஆம்பூருக்கும் வேலூருக்கும் இடையிலான ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் நிலம் 100 மீட்டர்தான் இறங்குகிறது. கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர் என்னும் இச்சரிவு கண்ணுக்குத் தெரியாது; கிழக்கிலிருந்து மேற்கே மிதிப்பவரின் தொடைக்கு மட்டும் மாலையில் தெரியும். இருபுறமும் ஜவ்வாது மலையும் கிழக்குத் தொடரின் குன்றுகளும் நிற்க, நடுவே ஆறு வகுத்துக் கொடுத்த இந்தச் சமவெளியைத்தான் நீராவி ரயிலைக் கொண்டுவந்த பொறியாளர்களும் தேர்ந்தெடுத்தனர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. மேற்கே நீண்ட அந்தத் தடத்திலிருந்து ஜோலார்பேட்டையில் பிரியும் பெங்களூர்க் கிளை 1864இல் திறக்கப்பட்டது. செங்குத்தான மேட்டில் ஏற இயலாத நீராவி எஞ்சினுக்கு உகந்த நிலம், கியர் இல்லாத சைக்கிளுக்கும் உகந்ததாக அமைந்ததில் வியப்பில்லை.

ஊர்களின் இடைவெளியும் அதேபோலச் சைக்கிளின் அளவுக்கு வாய்த்திருக்கிறது. வாலாஜாப்பேட்டை, ராணிப்பேட்டை, ஆற்காடு, மேல்விஷாரம் ஆகியவை ஏறக்குறைய ஒன்றையொன்று ஒட்டியவை. அங்கிருந்து வேலூர் 20 கிலோமீட்டர் அளவில் உள்ளது. வேலூரிலிருந்து பள்ளிகொண்டாவும், பள்ளிகொண்டாவிலிருந்து மாதனூர் வழியாக ஆம்பூரும் ஏறக்குறைய அதே தொலைவு. ஆம்பூரிலிருந்து வாணியம்பாடியும், வாணியம்பாடியிலிருந்து ஜோலார்பேட்டையும் அதைவிடச் சற்றுக் குறைவு. பேட்டை என்ற சொல் கோட்டைக்கோ பெருநகருக்கோ வெளியே சந்தைக்கும் வணிகருக்குமாக எழுந்த குடியிருப்பைக் குறிப்பது. பொதி மாடும் பார வண்டியும் ஒரு பகலில் கடக்கும் தொலைவை ஒட்டியே இத்தகைய சந்தை ஊர்கள் வளர்ந்தன எனக் கொள்வது பொருத்தம். மோட்டார் வண்டிக்கு இவ்விடைவெளிகள் மிகச் சிறியவை; அதனால்தான் அது எங்கும் நிற்பதில்லை.

நடைமுறையில் பெரும்பாலான சைக்கிள்காரர்கள் பயன்படுத்துவது தேசிய நெடுஞ்சாலை 48ஐ. வழி தவறாது, தளம் மென்மையானது, இரவிலும் தேநீர் கிடைக்கும் என்பன அதன் நன்மைகள். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே எஞ்சும் ஓரத்தில் ஒதுங்கி மிதிக்க வேண்டியிருப்பதும், அந்த ஓரத்திலேயே லாரிகள் நிறுத்தப்பட்டிருப்பதும், எதிர்த் திசையில் இருசக்கர வண்டிகள் வருவதும் அதன் ஆபத்துகள். பெங்களூருக்கும் சென்னைக்கும் இடையே கோலார் தங்கவயல், சித்தூர், ராணிப்பேட்டை வழியாக 262 கிலோமீட்டர் நீளத்தில் திட்டமிடப்பட்ட விரைவுச்சாலை முழுமையாகும்போது கனரக வண்டிகளில் ஒரு பகுதி அங்கே விலகக்கூடும். எனினும் அதை நம்பிச் சைக்கிள் வழியை வகுப்பது, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தை நம்பி உலை வைக்காமல் இருப்பதைப் போன்றது.

கவனிக்கப்படாத மாற்று வழி ஒன்று ஆற்றின் வடகரையில் இருக்கிறது. வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே நெடுஞ்சாலை தென்கரையில் செல்ல, இருப்புப்பாதை காட்பாடியிலிருந்து லத்தேரி, காவனூர், குடியாத்தம், வளத்தூர், மேல்பட்டி, பச்சகுப்பம் என வடகரையில் வளைந்து ஆம்பூரை அடைகிறது. இந்நிலையங்களைச் சார்ந்த ஊர்களை இணைக்கும் சாலைகள் அகலம் குறைந்தவை. தென்னந்தோப்பும் நெல்வயலும் கல்குவாரியும் மாறி மாறி வருபவை. எந்த இடத்திலும் ஏதேனும் ஒரு ரயில் நிலையம் எட்டும் தொலைவில் இருப்பதால், உடல் ஒத்துழைக்காதவரோ வண்டி முறிந்தவரோ சிக்கிக்கொள்ளும் அச்சமில்லை. சைக்கிளைப் பார்சலாகப் பதிந்து ஜோலார்பேட்டை வரை ரயிலில் அனுப்பிவிட்டு, அங்கிருந்து கிழக்கே சரிவோடு சரிவாக மிதித்து வரும் எளிய பயணத்தையும் இத்தடம் இயலச்செய்கிறது. சென்னைக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே ஓடும் ரயிலுக்கே ஏலகிரி எக்ஸ்பிரஸ் என்றுதான் பெயர்.

பழுதுபார்ப்பு என்னும் சிறிய பொருள் இவ்விடத்தில் விரிவான கவனத்துக்குரியது. இப்பகுதியின் எந்தக் கூட்டுரோட்டிலும் ஒரு பஞ்சர் கடை உண்டு: வெளியே தொங்கும் பழைய டயர், உள்ளே காற்றடைத்த டியூபை முக்கிக் குமிழி பார்ப்பதற்கான தண்ணீர்த் தொட்டி, ஓட்டையைச் சுற்றி உரசுவதற்கு உப்புத்தாள், சொல்யூஷன் டப்பா, வெட்டி வைத்த ரப்பர்த் துண்டுகள். சாதாரண கேரியர் வைத்த சைக்கிளுக்குத் தேவையான எல்லாம் அங்கே உண்டு. வளைந்த ரிம்முக்குப் பெண்டு எடுக்கவும் தெரிந்த கைகள் உண்டு. ஆனால் நகரத்திலிருந்து வரும் கியர் சைக்கிளின் டியூபில் இருப்பது ஒல்லியான 'பிரெஸ்டா' வால்வு. கடையின் பம்பும் கம்ப்ரசர் குழாயும் அதில் பொருந்துவதில்லை. எலுமிச்சை விதை அளவுள்ள பித்தளை மாற்றுத்திருகு ஒன்று இல்லாததால் விலையுயர்ந்த வண்டி வழியில் நிற்பது இப்பயணங்களின் வழக்கமான காட்சி. நெடுவழிப் பாதைக்கான முதற்செலவு எது என்று கேட்டால், பெயர்ப்பலகைக்கும் வளைவுக்கும் முன்பாக, பஞ்சர் கடை ஒவ்வொன்றுக்கும் அத்தகைய திருகு சிலவற்றைக் கொடுப்பதே என்று விடை கூறலாம்.

ஊர்களுக்குள் நுழைந்தால், கிழக்கு முனையைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். 1866இல் நகராட்சியான வாலாஜாப்பேட்டை, தமிழ்நாட்டின் மிகப் பழைய நகராட்சிகளுள் ஒன்று. தியாகராஜரின் சீடர் வேங்கடரமண பாகவதர் அவ்வூர்ப் பெயராலேயே அறியப்படுகிறார். ஆற்காட்டில் 1751ஆம் ஆண்டு முற்றுகையை நினைவூட்டும் டெல்லி கேட் ஆற்றங்கரையில் நிற்கிறது; மக்கன் பேடா என்னும் நெய்யொழுகும் இனிப்பு அதைவிட அதிகமானோரை அவ்வூருக்குள் இழுக்கிறது. வேலூர் சிறுநகரம் அல்ல. ஆறு உண்டு நீரில்லை, கோட்டை உண்டு அரசனில்லை, கோயில் உண்டு சாமி இல்லை என்று அந்நகரைக் கேலிசெய்யும் பழைய ஊர்ப்பேச்சில், ஜலகண்டேசுவரர் 1981இல் மீண்டும் கோட்டைக் கோயிலில் எழுந்தருளியதோடு மூன்றாவது குறை நீங்கியது. முதல் குறை அப்படியே இருக்கிறது.

வேலூரைக் கடந்ததும் நெடுஞ்சாலையிலிருந்து சற்றே விலகி அமைந்த விரிஞ்சிபுரம், வழிப்பயணிகளுக்கென்றே அமைந்த தலம் எனலாம். அங்குள்ள இறைவன் மார்க்கபந்தீசுவரர், மார்க்கம் என்பது வழி, பந்து என்பது உறவு, தமிழில் வழித்துணைநாதர். மிளகுப் பொதியுடன் பயணப்பட்ட வணிகர் ஒருவருக்குக் கள்வர் அச்சம் தீர இறைவனே துணையாக உடன் சென்றார் என்பது தலக்கதை. பாலாற்று வழி வணிகரின் வழியாக இருந்ததற்கும், அவ்வழியில் அச்சம் இருந்ததற்கும் இக்கதை ஒரு குறிப்பு. விரிஞ்சிபுரத்து மதிலழகு பழமொழியாகவே பேசப்படுவது. மதிலுக்குள் அரைவட்டமாகச் செதுக்கி எண்கள் பொறித்த கல் ஒன்று இருக்கிறது. அதன் மேற்புறப் பள்ளத்தில் ஒரு குச்சியைப் பொருத்தினால், நிழல் விழும் கோடு நேரத்தைக் காட்டும். கைக்கடிகாரத்தில் வேகமும் இதயத்துடிப்பும் பார்த்துக்கொண்டே வருபவர் அரைமணி நேரம் நின்று பார்க்கத்தக்க கருவி அது. நெடுஞ்சாலையின் மேம்பால வேகத்தில் செல்வோருக்கு அப்படியொரு திருப்பம் இருப்பதே தெரிவதில்லை.

வடகரை வழியில் முதன்மையான ஊர் குடியாத்தம். லுங்கி நெசவும் தீப்பெட்டித் தொழிலும் அதன் அடையாளங்கள். வைகாசி முதல் நாளில் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அம்மனின் தலையை ஊர்வலமாகக் கொண்டுவந்து உடலுடன் பொருத்தும் சடங்கால் வட மாவட்டங்கள் முழுவதும் அறியப்பட்டது. 1954இல் முதலமைச்சரான காமராசர் சட்டமன்றத்துக்குள் நுழைந்தது இத்தொகுதியின் இடைத்தேர்தலில் வென்றே. விருதுநகர்க்காரர் ஒருவர் குடியாத்தத்தில் நின்று வென்ற அந்தச் செய்தியை இன்றும் ஊரார் பெருமையோடு சொல்வர்.

ஆம்பூரைப் பற்றி எழுதும் எவரும் பிரியாணியில் தொடங்குகின்றனர், அது தவறல்ல. சீரகச் சம்பா அரிசியை அரைவேக்காட்டில் வடித்து, காய்ந்த மிளகாய் விழுதில் வெந்த இறைச்சியுடன் சேர்த்து, விறகடுப்பில் தம் போடும் முறை ஆற்காட்டு நவாபுகளின் அடுக்களையோடு தொடர்புபடுத்தப்படுகிறது. உடன் வரும் புளிப்பான கத்திரிக்காய்த் தொக்கு இன்றி அந்த உணவு முழுமையாகாது. வேலூர் வட்டாரத்தின் முள்ளுக் கத்திரிக்காய் புவிசார் குறியீடு பெற்றிருப்பதை இத்துடன் சேர்த்து எண்ணலாம். ஆனால் உச்சிவேளையில் இதை வயிறார உண்டவர் அன்று மாலையே ஏலகிரி ஏற நினைப்பது அறிவுடைமை ஆகாது. ஆம்பூர் இரவு தங்க வேண்டிய ஊர் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. 1749இல் ஆற்காட்டு நவாபு அன்வருத்தீன் கான் வீழ்ந்த போர்க்களமும் இவ்வூரே. கருநாடகப் போர்களின் போக்கை மாற்றிய அந்த நாளை நினைவூட்டும் எதையும் நெடுஞ்சாலையில் செல்பவர் காண்பதில்லை.

இன்றைய ஆம்பூரைக் காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பார்க்க வேண்டும். ஷூ கம்பெனிகளில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். மேல்தோல் வெட்டுதல், ஓரம் மடித்தல், தைத்தல் ஆகிய பணிகள் அவர்கள் கையில்தான் நடக்கின்றன. சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து கம்பெனி பேருந்திலும் வேனிலும் வருவோர் ஒருபுறமிருக்க, நடந்தும் சைக்கிளிலும் வருவோர் மற்றொருபுறம். பயணச் சைக்கிளைப் பற்றிய எழுத்துகள் கவனிக்கத் தவறும் மனிதர்கள் இவர்களே. ஓய்வுக்காக மிதிப்பவரும் பிழைப்புக்காக மிதிப்பவரும் ஒரே சாலையோரத்தைப் பகிர்கின்றனர். தலைக்கவசமும் பளிச்சிடும் சட்டையும் அணிந்த முன்னவர் ஆண்டுக்கு இரண்டு முறை வருபவர். டிபன் கேரியரைக் கைப்பிடியில் மாட்டிய பின்னவர் ஆண்டுக்கு முந்நூறு நாள் வருபவர்.

தமிழ்நாட்டில் சைக்கிளின் வரலாறு பின்னவரின் வரலாறாகவே இருந்துவந்துள்ளது. 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டிஐ சைக்கிள் ஆலை இந்நாட்டுத் தொழிலாளிக்கான வண்டியைச் செய்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் ஓட்டப் பழகினர். கல்குவாரித் தொழிலாளிகளும் கிராமச் செவிலியரும் அதில் இருந்தனர். 2001ஆம் ஆண்டுவாக்கில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கி, பின்னர் மேல்நிலைப் பள்ளி மாணவர் பலருக்கும் விரிந்த விலையில்லா மிதிவண்டித் திட்டம் இப்பள்ளத்தாக்கின் ஒவ்வொரு தெருவிலும் தெரிகிறது. வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் பேருந்தில் போகத் தொடங்கிய பின் அதே வண்டி தாயை ஷூ கம்பெனிக்கோ தந்தையைத் தோல் கிடங்குக்கோ கொண்டுசெல்கிறது. பாதை வகுப்போர் இவ்வண்டியை முதன்மையாகக் கொண்டால் வழி ஊருக்குள்ளிருந்து ஆலைவாசல் வரையும் பள்ளிக்கூட வாசல் வரையும் செல்லும். பயணச் சைக்கிளை முதன்மையாகக் கொண்டால் வழி ஊருக்கு வெளியே காட்சியழகைத் தேடிப் போகும். முதலாவது வழியில் பயணியும் செல்ல முடியும். இரண்டாவது வழியால் தொழிலாளிக்குப் பயனில்லை. ஆகையால் முதலாவதே ஏற்புடையது.

வாணியம்பாடிக்கு வரும்போது இக்கேள்வி ஆற்றோடு பின்னிக்கொள்கிறது. இப்பகுதியில் தோல் பதனிடும் தொழில் தொடக்கத்தில் மரப்பட்டையையும் காயையும் நம்பியிருந்தது: ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய குழிகளில் தோல் வாரக்கணக்கில் கிடந்து பதப்பட்டது, அவ்வாறு பதனிட்டு ஏற்றுமதியானது கிழக்கிந்தியத் தோல் என்று பெயர் பெற்றது. 1970களில் பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதை அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் காலணியையும் ஊக்குவித்தபோது, வாரக்கணக்கான வேலையை மணிக்கணக்கில் முடிக்கும் குரோமிய உப்பு முறை பரவியது. தொழிலில் 'வெட் ப்ளூ' என்று சொல்லப்படும் நீலம்பாய்ந்த ஈரத்தோல் அடுக்கிய சரக்கு ஆட்டோக்களை இன்றும் இவ்வூர்ச் சந்துகளில் காணலாம். கழிவுநீர் பாலாற்றிலும் ஏரிகளிலும் நிலத்தடியிலும் சேர்ந்தது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தோல் தொழில் மண்டலத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதையும் அத்தீர்ப்பு பதிவுசெய்தது. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வலுப்பட்டன. நீதிமன்றப் படிகளில் பாலாறு ஏறுவது நிற்கவில்லை.

'ஆற்றங்கரைச் சைக்கிள் பாதை' என்ற சொற்றொடரை டான்யூபிலிருந்து இறக்குமதி செய்வோர் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 என 348 கிலோமீட்டர் ஓடும் பாலாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடப்பது; 1903இல் வாணியம்பாடியை மூழ்கடித்த அதே ஆறு. கண்ணாடி ஏற்றிய காரில் செல்பவர் அறியாத ஒன்றைச் சைக்கிளில் செல்பவர் மூக்கால் அறிகிறார்: சுண்ணாம்பும் உப்பும் ஊறிய தோலும் கலந்த வாடை எந்த ஊரின் எல்லையில் தொடங்கி எந்தப் பாலத்தோடு முடிகிறது என்பதை அவரால் கிலோமீட்டர்க் கணக்கில் சொல்ல முடியும். இவ்வாடையை மறைத்து, மரம் நட்டு, ஓவியம் தீட்டி வகுக்கும் பாதை பொய்யான பாதையாகும். மாறாக, 1919இல் தொடங்கிய இஸ்லாமியாக் கல்லூரி, உருதும் தமிழும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசும் கடைத்தெரு, தோல் மண்டி, சுத்திகரிப்பு நிலையம், வறண்ட ஆறு ஆகிய அனைத்தையும் உள்ளபடியே கோத்துச் செல்லும் வழியே இவ்வூரைக் காட்டும் வழி.

கேத்தாண்டப்பட்டியைக் கடந்தால் ஜோலார்பேட்டை. முழுக்க ரயிலால் பிறந்து ரயிலால் வாழும் இவ்வூர், 2019ஆம் ஆண்டு வறட்சியில் எதிர்பாராத பணி ஒன்றைச் செய்தது: அவ்வாண்டு ஜூலை 12 முதல், 50 தொட்டி வண்டிகள் கொண்ட ரயில்கள், நடை ஒன்றுக்கு 25 லட்சம் லிட்டர் காவிரி நீரை இங்கிருந்து சென்னைக்குச் சுமந்தன. பாலாற்றின் நெடுகிலும், பாலாற்றுக்குச் சொந்தமில்லாத நீர், தண்டவாளத்தின்மேல் ஓடியது.

ஜோலார்பேட்டையிலிருந்து பொன்னேரிக்கு வந்ததும் ஏலகிரி ஏற்றம் தொடங்குகிறது. 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பாவேந்தர், பாரதியார், திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார் என ஏழு புலவர்களின் பெயர்களும், பாரி, காரி, ஓரி முதலான கடையெழு வள்ளல்களின் பெயர்களும் சூட்டப்பட்டுள்ளன. சராசரி ஏற்றம் நூற்றுக்கு ஐந்து அளவில் இருப்பதால், கியர் உள்ளவருக்கு இது கடினமன்று. வளைவுகளில் உட்புறத்தை விட்டு வெளிப்புறமாகச் சுற்றினால் மூச்சு மிஞ்சும். கியர் இல்லாத வண்டியைப் புலவர்கள் வரை மிதித்து, வள்ளல்களிடம் தள்ளிக்கொண்டு போவதே பலருடைய அனுபவம். மேலே சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் அத்தனாவூர், நிலாவூர் உள்ளிட்ட 14 சிற்றூர்கள் உள்ளன. இங்கு வாழும் மலையாளி எனப்படும் பழங்குடியினர் கேரளத்தைச் சேர்ந்தவர் அல்லர்; மலையில் வாழ்வோர் என்ற பொருளில் அப்பெயர் பெற்றுத் தமிழ் பேசுவோர். சைக்கிள் பயணிகள் பெரும்பாலும் புங்கனூர் ஏரியைச் சுற்றிய விடுதிகளில் தங்கி, மறுநாள் விடியலில் வந்த வழியே இறங்கிவிடுகின்றனர். மலையை முடிவிடமாகக் கொண்ட பயணத்தின் குறை இதுவே: ஏறிய உயரம் மட்டும் கணக்கில் சேர்கிறது.

ஏலகிரியை முடிவாகக் கொள்ளாமல் ஒரு திருப்பமாகக் கொண்டால் வழி வளமாகிறது. இறங்கித் திருப்பத்தூருக்குச் சென்றால், 1921இல் சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டனும் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமம் உண்டு. அங்கிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர். 1986இல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977இல் கண்டறிந்த உலக ஆய்வகங்களுள் காவலூரும் ஒன்று. கடுக்காயும் தேனும் சாமையும் இறங்கிவரும் இந்த மலைவழி, கீழேயுள்ள தோல் ஊர்களின் பழைய பட்டைக் குழிகளோடு உறவுடையது.

சைக்கிள் பாதைத் திட்டங்களில் தவறாமல் இடம்பெறும் ஓர் உறுப்பு மின்விளக்குக் கம்பம். ஆம்பூரில் வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்ணின் சாலைக்கு அது கட்டாயம் வேண்டும். பச்சகுப்பத்திலும் மேல்பட்டியிலும் வேண்டும். ஆலங்காயத்துக்கு மேலே அது வேண்டாம். வானாய்வகத்துக்கு இருள்தான் மூலப்பொருள். ஆகவே அந்த மலைச்சாலையின் கடைசிப் பகுதியைப் பொழுது சாயுமுன் ஏறி முடிப்பதும், தவறினால் முன்விளக்கைத் தரைநோக்கித் தாழ்த்திக்கொண்டு மெல்ல மிதிப்பதுமே அங்கு செல்வோருக்குரிய முறை.